எச்சரிக்கை விளக்கு சொல்வதும் சொல்லாததும்: கார் பழுதை வீட்டிலேயே கண்டறிவது எப்படி?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1951ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்துவந்த கட்டாய வாகனப் பாதுகாப்புப் பரிசோதனை, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியுடன் முடிவுக்கு வந்தது. மாநில சட்டமன்றம் 2023ஆம் ஆண்டில் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் விளைவு இது. பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். இப்போது அந்தப் பொறுப்பு முழுவதுமாகக் காரின் உரிமையாளரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த மாற்றம் எத்தகைய பொருளுடையது என்பதை, டல்லஸ் நகருக்கு வடக்கே தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழும் ஆலன் நகரிலிருந்து பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் இந்நகரம், டல்லஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்து அமைப்பான 'டார்ட்'டில் உறுப்பு நகரம் அல்ல. அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, மளிகைக் கடை என எங்கு செல்வதானாலும் கார்தான் வேண்டும். தெருமுனையில் பேருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. ஆகவே கார் நின்றுபோனால் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே நின்றுபோகிறது.

நின்றது ஒன்று, நிற்காதது ஒன்று

பரிசோதனையை நீக்கியதை ஆதரித்தவர்கள், பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய கட்டாயப் பரிசோதனை இல்லை என்றும், மக்களின் நேரமும் பணமும் வீணாகின்றன என்றும் வாதிட்டனர். பழுதடைந்த வாகனங்கள் சாலையில் பெருகும் என்பது எதிர்த்தவர்களின் கவலையாக இருந்தது. பரிசோதனை நின்றாலும் அதற்குரிய 7.50 டாலர் கட்டணம் நிற்கவில்லை. வேறு பெயரில், வாகனப் பதிவுக் கட்டணத்துடன் சேர்த்து அது வசூலிக்கப்படுகிறது.

ஆனால் எல்லாப் பரிசோதனைகளும் போய்விடவில்லை. காற்று மாசு அதிகமுள்ள மாவட்டங்களில் புகைப் பரிசோதனை தொடர்கிறது. ஆலன் அமைந்திருக்கும் காலின் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. இரண்டு முதல் 24 ஆண்டுகள் வரை வயதுடைய பெட்ரோல் கார்கள் இதில் தேறினால்தான் ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்க முடியும். சுருங்கச் சொன்னால், காரின் புகையை அரசு இன்னமும் பார்க்கிறது. காரின் பிரேக்கைப் பார்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டை மனதில் கொண்டுதான், காரின் முகப்பில் மஞ்சள் நிறத்தில் எரியும் 'செக் எஞ்சின்' விளக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

விளக்கின் வரலாறு

அந்த விளக்கு ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காற்றைப் பாதுகாக்கும் சட்டத்தின் பிள்ளை. புகைமூட்டத்தால் அவதியுற்ற கலிஃபோர்னியா மாநிலம் இதில் முன்னோடியாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1990ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதடைந்தால் காரே அதைக் கண்டறிந்து தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1996ஆம் ஆண்டு மாடல் தொடங்கி, அமெரிக்காவில் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும் 'ஓபிடி-2' எனப்படும் பொதுவான முறை கட்டாயமானது. ஐரோப்பாவும் பின்னர் இந்தியாவும் இதையொத்த விதிகளைக் கொண்டுவந்தன.

இதன் பயன் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், 16 முனைகள் கொண்ட ஒரு சிறு இணைப்பு வாய் இருக்கும். எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் அதன் வடிவம் ஒன்றே. சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கும் ஒரு சிறு ஸ்கேனரை அதில் செருகினால், காரின் கணினி பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை எவரும் படிக்கலாம். வாகன உதிரிபாகக் கடைகள் பலவற்றில் கட்டணமின்றியே படித்துச் சொல்கிறார்கள்.

குறியீடு நோயின் பெயர் அல்ல

குறியீட்டைப் படித்தவுடன் அதில் சொல்லப்பட்ட பாகத்தை வாங்கி மாற்றிவிடுவதுதான் வீட்டில் பழுது பார்ப்போர் செய்யும் முதல் தவறு. காய்ச்சல் என்பது எப்படி நோயின் அறிகுறியோ, அப்படியே குறியீடும் அறிகுறிதான்.

'பி 0455', 'பி 0442' ஆகியவை எரிபொருள் ஆவி எங்கோ கசிவதைக் குறிக்கின்றன. முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் மூடி. அது சரியாகத் திருகப்படாமலோ, அதன் ரப்பர் வளையம் வெடித்தோ இருக்கலாம். மூடியை இறுக்கிய பின் சில நாட்கள் ஓட்டினால் விளக்கு தானாகவே அணையக்கூடும்.

'பி 0301' முதல் 'பி 0306' வரையிலானவை, எந்த சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதைச் சொல்கின்றன. கடைசி எண்ணே சிலிண்டரின் எண். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தீப்பொறிச் சுருள், அதாவது இக்னிஷன் காயில், உள்ள கார்களில் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஆறிய பின் முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். 0301 என்றிருந்த குறியீடு 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் எரிபொருள் இன்ஜெக்டரையும் ஆராய வேண்டும்.

'பி 0420' பலரையும் அச்சுறுத்துவது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். விலை மிகுந்த பாகம் அது. ஆனால் புகைக்குழாயில் ஒரு கசிவோ, பழுதடைந்த ஆக்ஸிஜன் சென்சாரோகூட இதே குறியீட்டை எழுப்பக்கூடும். தவிர, அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் கணினிக்கும் 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல்கள், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, உற்பத்தியாளர் உத்தரவாதம் தர வேண்டும். இதை அறியாமல் கைப்பணத்தைச் செலவிடக் கூடாது.

விளக்கு நிலையாக எரிந்தால் பதறத் தேவையில்லை. விரைவில் கவனித்தால் போதும். அது விட்டுவிட்டு மின்னினால், எரியாத எரிபொருள் கன்வெர்ட்டரை அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சிவப்பு நிறத்திலான ஆயில் அழுத்த விளக்கோ, வெப்ப விளக்கோ எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணைப்பதே முறை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது குறியீட்டை அழித்துவிட்டுப் புகைப் பரிசோதனைக்குச் செல்வோரும் உண்டு. அது பலிப்பதில்லை. குறியீட்டை அழித்தால், காரின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்டதற்கான பதிவுகளும் அழிந்துவிடும். சில நாட்கள் பலவிதமாக ஓட்டிய பிறகே அவை நிறைவடையும். அதுவரை பரிசோதனையில் தேற முடியாது.

கார் கிளம்ப மறுத்தால்

டெக்ஸாஸில் பேட்டரிக்குக் குளிரைவிடக் கோடையே பெரும் பகை. வெப்பத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. அந்தச் சேதம் குளிர்காலத்தின் முதல் காலைப் பொழுதில் வெளிப்படுகிறது.

சாவியைத் திருப்பும்போது கேட்கும் ஓசையே பாதி விடை. 'டிக் டிக்' என்று வேகமாகத் துடித்து விளக்குகள் மங்கினால் பேட்டரியில் மின்சக்தி இல்லை. விளக்குகள் பிரகாசமாக இருந்து ஒரே ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் குறை எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் மீதியைச் சொல்லிவிடும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழ் இருந்தால் அது ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். இல்லையெனில் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, குறை ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன், முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீராலும் தூரிகையாலும் அகற்றிப் பார்ப்பது நல்லது. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும்.

விளக்கு சொல்லாதவை

பிரேக்கின் தேய்மானத்தை 'செக் எஞ்சின்' விளக்கு சொல்லாது; அது புகை மாசுக்குத் தொடர்பில்லாதது. டயர் காற்றழுத்தத்துக்குத் தனி விளக்கு உண்டு. 2008ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் அது கட்டாயம். ஆனால் பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தில் கால் பங்கு குறைந்த பின்னரே அது எரிய வேண்டும் என்பதுதான் விதி. 35 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தால் விளக்கு மௌனமாகவே இருக்கலாம். டயரின் தேய்மானத்தைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

ஆகவே பரிசோதகர் பார்த்தவற்றை இப்போது உரிமையாளரே பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். ஒரு சென்ட் நாணயத்தை, அதிலுள்ள ஆபிரகாம் லிங்கனின் தலை கீழ்நோக்கி இருக்குமாறு டயரின் பள்ளத்தில் செருகிப் பார்க்கலாம். தலை முழுவதும் வெளியே தெரிந்தால் பள்ளத்தின் ஆழம் சட்டப்படியான குறைந்தபட்ச அளவான 2/32 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டருக்கு, வந்துவிட்டது. சக்கரக் கம்பிகளின் இடைவெளி வழியே கைவிளக்கைப் பாய்ச்சினால் பல கார்களில் பிரேக் பேட் தெரியும். அது 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தும்போது கீச்சொலி கேட்பது முன்னறிவிப்பு. இரும்பும் இரும்பும் உராயும் கரகரப்பு, காலம் கடந்துவிட்டதன் அறிகுறி. மிதி மெத்தென்று உள்ளே இறங்கினால் காரை எடுக்கவே கூடாது.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இந்த நிலை விநோதமாகத் தோன்றலாம். அங்கே 1960ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள 'எம்ஓடி' பரிசோதனை பிரேக், டயர், புகை மூன்றையுமே பார்க்கிறது.

உரிமையும் எல்லையும்

சொந்தமாகப் பராமரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. 1975ஆம் ஆண்டின் மத்திய உத்தரவாதச் சட்டத்தின் கீழ், தம்மிடமே பழுது பார்க்க வேண்டும், தமது உதிரிபாகத்தையே வாங்க வேண்டும் என்று, அந்தச் சேவையையோ பாகத்தையோ இலவசமாக வழங்காத நிலையில், உற்பத்தியாளர்கள் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. வாங்கிய பொருட்களின் ரசீதுகளையும், செய்த தேதியையும், அப்போதைய மைல் கணக்கையும் குறித்துவைப்பதே உரிமையாளரின் கவசம்.

ஆனால் இந்த உரிமைக்கு இன்று புதிய சவால் எழுந்திருக்கிறது. புதிய கார்கள் தமது பழுதுத் தகவல்களை, கம்பியில்லாத் தொடர்பு வழியே நேராக உற்பத்தியாளருக்கு அனுப்புகின்றன. அத்தகவல் உரிமையாளருக்கும் அவர் தெரிவு செய்யும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்களில் சுமார் 75 சதவீதத்தினர் 2020ஆம் ஆண்டில் ஆதரவளித்தனர். வாகன உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரின் பழுதை அறியும் உரிமை யாருடையது என்ற கேள்வி, நீதிமன்றங்கள் பேசும் அரசியல் கேள்வியாகிவிட்டது.

எனினும் உரிமை இருப்பதாலேயே எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது. சமதளத்தில், ஸ்டாண்டுகளின் மீது காரை நிறுத்திய பின்னரே அடியில் செல்லலாம். ஏர்பேக், ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஓடும் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள், ஏசி வாயு ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. உற்பத்திக் குறைபாடுகளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார் என்றால், பழுது பொதுவாக இலவசமாகவே சரிசெய்யப்படும். காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு, மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இதை அறியலாம்.

குடியிருப்புச் சங்கங்கள் பலவற்றில், வீட்டு வாசலில் கார் பழுது பார்க்கத் தடை உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். மாற்றிய ஆயிலைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றுவது சட்டவிரோதம் மட்டுமல்ல. ஆலனின் மழைநீர் சுத்திகரிக்கப்படாமலேயே ரௌலெட் ஓடையைச் சேர்ந்து, டல்லஸ் வட்டாரத்தின் குடிநீர் ஏரிகளுள் ஒன்றான ரே ஹப்பார்டுக்குப் போகிறது. உதிரிபாகக் கடைகள் பலவும் பழைய ஆயிலை இலவசமாகவே பெற்றுக்கொள்கின்றன.

தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களில் பலருக்கு, கார் என்பது மெக்கானிக்கிடம் ஒப்படைக்கும் பொருளாகவே பழகியிருக்கிறது. புலம்பெயர்ந்த மண்ணில் அந்த மெக்கானிக் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி அதிகம். டெக்ஸாஸில் இப்போது பரிசோதகரும் இல்லை. காரின் கணினி பேசும்போது கேட்கத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். அது பேசாத இடத்தில், டயரையும் பிரேக்கையும் குனிந்து பார்த்துக்கொள்வது உயிரைக் காக்கும்.