கட்டடமும் வெளிநிலமும்

எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தை எடுத்து அருளுரையாற்றுவோர் பெரும்பாலும் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய பகுதிக்கு விரைந்து சென்றுவிடுகின்றனர். அதற்கு முன் வரும் முதல் ஐந்து வசனங்கள் நில அளவையாளரின் குறிப்பைப் போலத் தோன்றுவதால் நமது கண் அவற்றில் நிற்பதில்லை. நிலப்பங்கு பெறாத லேவியருக்குக் குடியிருக்கப் பட்டணங்கள் கொடுக்கப்படும்போது, அப்பட்டணங்களைச் சூழ்ந்த வெளிநிலமும் கொடுக்கப்பட வேண்டும் என்று அங்கு விதிக்கப்படுகிறது. ஒரு வசனம் ஆயிரம் முழம் என்றும் அடுத்த வசனம் இரண்டாயிரம் முழம் என்றும் கூறுவதை எவ்வாறு இசைவிப்பது என்பதில் உரையாசிரியர்கள் நெடுங்காலமாக வேறுபடுகின்றனர். அவ்வழக்கை நாம் இங்குத் தீர்க்கப் போவதில்லை. இவ்வசனங்களுடன் லேவியராகமம் 25:32-34ஐயும் சேர்த்து நோக்குதல் வேண்டும். லேவியர் தம் வீட்டை விற்கலாம், பின்னர் மீட்டுக்கொள்ளவும் செய்யலாம். வெளிநிலத்தையோ விற்றல் கூடாது.

அவ்வெளிநிலம் ஆடுமாடுகளுக்கென விடப்பட்டது. இக்கால நகரமைப்புக் கலையை அதனுள் ஏற்றிப் படிப்பது முறையான விளக்கம் ஆகாது. எனினும் ஒன்று தெளிவு. கட்டப்படாத நிலம் அங்குப் பட்டணத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது. நமது சபைக் கூட்டங்களில் அதே நிலத்துக்கு வழங்கும் பெயர் "சும்மா கிடக்கிற இடம்" என்பதாகும்.

இதனைப் பிறர்மேல் குற்றமாகச் சுமத்த நாம் எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் ஆயராகப் பணியாற்றிய நகரச் சபையொன்றில், ஆலயத்தின் முன் இரண்டு வேம்புகளும் ஒரு பூவரசும் நின்றன. ஆராதனை முடிந்ததும் முதியோர் அவற்றின் நிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பர். மழையில் சேறாகிறது, வாகனம் நிறுத்த இடமில்லை என்னும் இரு காரணங்களுக்காக முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போடுவதெனத் தீர்மானம் வந்தது. தலைவர் என்னும் முறையில் கையொப்பமிட்டவர் நாமே. ஒரு வேம்பு வெட்டப்பட்டது. மற்ற மரங்களின் அடிவரை தளம் நெருங்கியது. அடுத்த கோடையில் மாலை ஆராதனைக்கு வந்தோர் விசிறிகள் வெந்நீராவியை இறைப்பதாகக் கூறினர். இரண்டாம் ஆண்டு கிணற்றில் வாளி தரையைத் தட்டிற்று. அதன்பின் வந்த ஒரு புயல் இரவில் பூவரசு வேரோடு சாய்ந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் குளிரூட்டும் சாதனங்களுக்கென ஒரு நிதி தொடங்கப்பட்டது. சேறு மட்டும் இல்லை.

இங்கு நிகழ்ந்தது யாது? பகலில் வெயில் படும் சிமெண்டும் தாரும் வெப்பத்தை உள்வாங்கிச் சேமித்து, கதிரவன் மறைந்தபின் அதனை மெல்ல வெளியிடுகின்றன. ஆகவே நகரத்தின் இரவுகள் அருகிலுள்ள சிற்றூரின் இரவுகளைவிடப் புழுக்கமாயிருக்கின்றன. மரம் நிழல் தருவதோடு நிற்பதில்லை. வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக்கி, அவ்வாவியாதலுக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இம்முறையில்தான். மரத்தின் அடியைத் தளத்தால் மூடினால் வேருக்கு நீரும் காற்றும் கிட்டாமற் போகின்றன. அத்தகைய மரம் நின்றாலும் உறுதியாக நிற்பதில்லை.

மழையின் கணக்கு இன்னும் எளியது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். சென்னையில் ஆண்டொன்றுக்கு 1,300 மில்லிமீட்டர் மழை எனக் குறைத்தே கொள்வோம். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு நிலத்தில் விழுவது ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் லிட்டர். பத்துக் கிரவுண்டு வளாகம் உள்ள ஆலயம் ஆண்டுதோறும் 29 இலட்சம் லிட்டர் நீரை விலையின்றிப் பெறுகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் இதனைக் கொணர வேண்டுமாயின் ஏறத்தாழ 240 லாரிகள் தேவைப்படும். அதனைத் தளத்தின் மேல் வழித்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, மே மாதத்தில் லாரிக்குப் பணம் கட்டுகிறோம். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 ஜூனில் குடிநீர் ஏரிகள் வறண்டு குடங்களோடு வரிசையில் நின்றதை யாவரும் அறிவோம். நகரின் சதுப்பு நிலங்களும் ஏரிகளும் சுருங்கியது இதற்குப் பெருங்காரணம் எனினும், பல்லாயிரம் முற்றங்கள் மூடப்பட்டதும் ஒரு காரணமே.

கட்டடத்தையும் அது நிற்கும் நிலத்தையும் பிரிக்காமல் சிந்தித்த ஒருவரை இங்கு நினைவுகூர்வது தகும். லாரி பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து அங்கேயே கட்டடக்கலை பயின்றவர். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சார்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அச்சபையாரின் மருத்துவ உதவிக் குழுவுடன் சீனாவில் பணியாற்றினார். தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைக் கண்டார். 1945இல் தொழுநோயாளரிடையே பணியாற்றிய மிஷன் ஒன்றின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்கே வந்துவிட்டார். மருந்தால் தொழுநோய் குணமாகத் தொடங்கியிருந்த காலம் அது. அடைத்துவைக்கும் புகலிடங்களை மருத்துவமனைகளாக மாற்றுவதே அவருக்கு இடப்பட்ட பணி. டாக்டர் எலிசபெத் ஜேக்கபை மணந்து இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கரையானையும் பருவமழையையும் சேற்று மண்ணையும் பற்றித் தாம் கற்ற கல்லூரி ஒன்றும் சொல்லித்தரவில்லை என்பதை அங்கு உணர்ந்தார். அவ்வூர் மக்கள் கையருகே கிடைத்த கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீடுகளே அவருக்கு இரண்டாம் கல்லூரியாயின. ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்பட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஊன்றியிருந்தது. பின்னர்க் கேரளத்துக்கு வந்து திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே காலமானார்.

அவர் பரப்பிய முறைகளுள் இரண்டை மட்டும் சற்று விரித்துரைப்போம். முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கற்களைப் படுக்கவைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புகிறோம். இம்முறையிலோ செங்கற்கள் விளிம்பில் நிறுத்தப்படுகின்றன. உட்புறம் ஒன்று, வெளிப்புறம் ஒன்று, இடையே குறுக்காக ஒன்று. சுவரின் தடிமன் அதே ஒன்பது அங்குலம்தான்; நடுவில் மட்டும் வெற்றிடம் அமைகிறது. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால் மேற்கு வெயில் அறைக்குள் வருவது தடுக்கப்படுகிறது. இரண்டாவது, ஓடு பதித்த கான்கிரீட் கூரை. கூரைத் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையைத் தாங்குவன கம்பிகள். அக்கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் கிடக்கும் கான்கிரீட் தன் எடையால் கூரைக்குப் பாரமாவதன்றி வேறு பயன் தருவதில்லை. அவ்விடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டால் கான்கிரீட்டும் மிச்சம், எடையும் குறைவு, வெப்பமும் தணிகிறது.

சிமெண்டு மிச்சமாவது பணத்தை மட்டும் பற்றிய செய்தியன்று. சுண்ணாம்புக்கல்லைக் கடும் வெப்பத்தில் சுட்டே சிமெண்டு செய்யப்படுகிறது. எரிபொருளிலிருந்து எழும் கரியமில வாயுவைவிட, அக்கல்லே வெந்து வெளியிடும் வாயு மிகுதி. உலகில் மனிதரால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டினால் வருவது.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் இயேசு சபையாரின் லொயோலா வளாகத்துக்குப் பேக்கர் கட்டிய சிற்றாலயம் நமக்கு நேராகப் பொருந்தும் எடுத்துக்காட்டு. பெருங்கூட்டம் கூடும் உயர்ந்த மண்டபம் அது. உயரமான சுவரை இரண்டாகப் பிரித்து, இடையே செங்கல்லால் குறுக்குப் பிணைப்புகள் கொடுத்தார். இரு சுவர்களிலும் ஜாலி என்று கொத்தனார்கள் அழைக்கும் துளை வேலைப்பாடு செய்யப்பட்டது. வெளிச்சமும் காற்றும் நாள் முழுவதும் உள்ளே வருகின்றன. கண்ணைக் கூசும் ஒளி வருவதில்லை. இத்தனை துளைகள் இருந்தும் பேச்சொலி சிதையவில்லை என்பது, ஒலிபெருக்கியின் இரைச்சலை எழுப்புதலின் அடையாளமாகக் கருதும் நம்மவர் சற்றே எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதே நகரின் உள்ளூர்ப் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக அவர் கட்டிய வளாகத்தில் நிலத்தை அவர் நடத்திய விதம் விளங்கும். பத்து ஏக்கர் அளவான மேட்டு நிலம் அது. மேட்டைச் சமப்படுத்தாமல், சரிவுக்கேற்பக் கட்டடங்களை வளைத்தும் படிப்படியாக இறக்கியும் கட்டினார். நின்ற மரங்களுக்குச் சுவர்கள் வழிவிட்டன. பயன்படுத்திய தாளின் பின்புறத்தில் வரைந்து, இடத்திலேயே நின்று கொத்தனாரோடு பேசி முடிவுசெய்வது அவரது வழக்கம். நமது கட்டடக் குழுக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. வரைபடம் முதலில் வருகிறது. அதற்கு இடையூறாக நிற்பவை எவை என்று பார்க்க வளாகத்துக்குப் போவது பின்னர்.

பேக்கரின் முறையில் குறைகள் இல்லாமலில்லை. எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கொத்தனார் வேண்டும். பூசாத சுவருக்கு நல்ல செங்கல் வேண்டும், செங்கல்லோ விறகோ நிலக்கரியோ எரித்துச் சுடப்படுவது. பேருந்துகள் ஓலமிடும் சாலையோரத்தில் துளைச்சுவர் வைத்தால் ஆயரின் குரல் எடுபடாது, கொசுவும் வரும். நெருங்கிய நகரத்தின் பலமாடிக் குடியிருப்புகளுக்கு இம்முறைகளை அப்படியே பெயர்த்துவிட இயலாது. எனினும் அவர் எழுப்பிய வினா எங்கும் செல்லும்: இந்தப் பொருள் இந்த இடத்தில் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது வெறும் பாரமா?

தமிழ்நாட்டில் நாம் தொலைவு சென்று கற்க வேண்டிய தேவையும் அதிகம் இல்லை. பல பழைய ஆலயங்களும் ஆயர் மனைகளும் மெட்ராஸ் டெரஸ் என்னும் முறையில் அமைந்தவை. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களை விளிம்பில் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்து முடிப்பர். கடுக்காய்நீரும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பைக் கையாண்ட கொத்தனார்கள் அருகிவருகின்றனர். தடித்த சுவர், உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம் ஆகிய மூன்றும் வெயிலோடு போராடி வென்றவை. ஒழுகுகிறது என்பதற்காக இவற்றை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்புடைய பெட்டியைக் கட்டி, பின்பு மின்கட்டணத்துக்காகச் சிறப்புக் காணிக்கை எடுக்கும் சபைகளை நாம் அறிவோம். ஒழுகும் தளத்தைச் செப்பனிட முடியுமா என்று சுண்ணாம்பு வேலை அறிந்த ஒருவரிடம் கேட்டபின் இடிப்பதைப் பற்றிப் பேசுவதே முறை.

நிலத்தைப் பற்றி ஒரு முன்மாதிரி, பேக்கர் பிறந்த நகரின் அருகிலேயே உண்டு. ஜார்ஜ் காட்பரி என்னும் குவேக்கர் வணிகர் 1890களில் போர்ன்வில் என்னும் குடியிருப்பை உருவாக்கியபோது, எந்த மனையிலும் வீடு நான்கில் ஒரு பங்கு நிலத்துக்கு மேல் பரவக்கூடாது என்று வரையறுத்தார். சாலையும் தோட்டமும் நீங்கலாக, மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விடப்பட்டது. தொழிலாளர் காய்கனி பயிரிட வீட்டுக்கு வீடு தோட்டம் அமைந்தது. இத்தகைய எண்கள் விதியாக எழுதப்படும்போதுதான் நிற்கின்றன. வெறும் நல்லெண்ணம் அடுத்த குழுத் தேர்தல் வரையே நிற்கும்.

நமது மாநிலத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வளாகங்களில் அக்குழிகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் அவற்றைத் தூர்வாரி மணலும் கூழாங்கல்லும் மாற்ற ஒரு நாள் வேலை போதும். இளைஞர் சங்கத்தாருக்கு இதைவிட நல்ல சிரமதானம் எது? வாகனம் செல்லும் பாதைக்கு மட்டும் தளம் போதும். எஞ்சிய இடத்தில் மண்ணும், மழை இறங்கும் சரளையும் இருக்கலாம். மரத்தைச் சுற்றிக் குறைந்தது ஓராள் நீளம் வெறுமண் வேண்டும். புங்கை, வேம்பு, மகிழம், நாவல், இலுப்பை ஆகியவை நமது மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியவை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் வீழ்த்திய மரங்களுள் விரைவில் வளரும் அயல்நாட்டு இனங்கள் பல இருந்தன.

இவையெல்லாம் எளியவை. கடினமான வினா வேறொன்று. சாலையை நோக்கிய முன்னிலத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் பள்ளிக்கும், ஓய்வுபெற்ற ஊழியருக்கும், ஏழைப் பிள்ளைகளுக்கும் வருமானம் வரும் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் பேராசைக்காரர் அல்லர். ஓய்வூதியமின்றி முதுமையுறும் உபதேசியாரை நாமும் கண்டிருக்கிறோம். எனினும் அம்முன்னிலம் அந்தத் தெரு முழுமைக்கும் எஞ்சிய ஒரே திறந்த வெளியாக இருக்கக்கூடும். அங்கு இறங்கும் மழை அண்டை வீட்டாரின் கிணற்றுக்கும் செல்வது. அண்டை வீட்டார் நமது சபைக் கூட்டத்தில் வாக்களிப்பதில்லை. வாடகை எவ்வளவு என்னும் கணக்கு தாளில் வந்துவிடுகிறது, நீரும் நிழலும் எவ்வளவு என்பது வருவதில்லை. ஆகவே இத்தகைய தீர்மானம் வரும் கூட்டத்தில் தலைமை தாங்கும் ஆயர், வரைபடத்தில் கட்டடத்தோடு கிணறு, ஒவ்வொரு மரம், மழைநீர் ஓடும் திசை ஆகியவற்றையும் குறித்துவருமாறு பொறியாளரைக் கேட்கட்டும். மேலே காட்டிய லிட்டர் கணக்கையும் தம் வளாகத்துக்குப் போட்டு வாடகைக் கணக்கின் பக்கத்தில் எழுதிவைக்கட்டும். நாம் கையொப்பமிட்ட அன்று நம்முன் இருந்த வரைபடத்தில் அந்த வேம்புகள் இடம்பெறவில்லை.