மேசையைச் சுற்றி – 9: குழப்படிக்காரரை என்ன செய்வது?

நண்பர்கள் கூடி விளையாடும் மேசையில் ஒருவர் குழப்படி செய்தால், அவரைச் சேர்க்காமல் விடுவதுதான் முதலில் தோன்றும் வழி. அந்த வழி எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய எழுவைதீவு போன்ற சிறு தீவில், இரவு மேசையில் சண்டை பிடித்தவரே காலையில் அதே படகில் பக்கத்தில் இருப்பார். தொழிலுக்குக் கூடப் போகிறவராகவும் இருக்கலாம். முறைக்கு மச்சானாகவோ சித்தப்பாவாகவோ இருப்பதும் புதுமையல்ல. சோளகம் அடித்துக் கடல் குழம்பிக் கிடக்கும் நாளில் நாலு பேர் வேண்டிய ஆட்டத்துக்கு வேறு ஆள் தேடிப் போகவும் ஏலாது. குழப்படிக்காரரையும் வைத்துக்கொண்டே ஆட்டத்தை நடத்தியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் பரவலாக ஆடப்படும் 304 என்ற கடதாசி விளையாட்டு அதற்கான ஏற்பாடுகளிற் பலவற்றைத் தன் விதிகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 52 தாளில் 2 முதல் 6 வரையுள்ள 20 தாளை நீக்கினால் மிஞ்சும் 32 தாளில் நாலு பேர் ஆடுவர். எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. முதலில் ஆளுக்கு நாலு தாள் போட்டுக் கேள்வி கேட்பர். கேள்வி வழமையாக 160இல் தொடங்கும். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார்; பிறகு அடுத்த நாலு தாள் வரும்; எட்டுப் பிடியில் கேட்ட தொகையை அவருடைய சோடி எடுக்கவேண்டும்.

குழப்படிகளில் மிகச் சாதாரணமானது துணிச்சல் காட்டுவதற்காகக் கண்டபாட்டுக்குக் கேள்வியை ஏற்றுவது. இதற்குப் புத்திமதி தேவையில்லை, கணக்கே போதும். பரவலான முறைப்படி 160 கேட்டு வென்றால் எதிரணியிடமிருந்து ஒரு காய் வரும். தோற்றால் இரண்டு காய் போகும். 200 கேட்டால் வரவு இரண்டு, செலவு மூன்று. எந்தக் கேள்வியிலும் தோல்வி வெற்றியைவிட விலை கூடியது. அந்த விலையைக் கட்டுகிறவர் தனியாளும் அல்லர். எதிரே இருக்கும் சோடிக்காரரும் சேர்ந்துதான் கட்டுகிறார். ஆகவே துடுக்கை அடக்கும் வேலை மேசைக்கு வெளியே நிற்கும் நடுவரிடம் போகாமல், கேட்டவருடைய வெற்றியை அவரளவுக்கே விரும்புகிற ஒருவரிடம் போய்ச் சேர்கிறது.

அடுத்தது களவு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விளையாட்டில் கள்ளம் செய்பவரை அளாப்பி என்பார்கள். வளர்ந்தவர்களின் மேசையிலும் அளாப்பிகளுக்குக் குறைவில்லை. 304இல் அளாப்புவதற்குத் தோதான இடம் கவிழ்த்த துரும்பு. துரும்பு இன்னும் மூடியிருக்கும்போது, இறங்கிய இனம் கையில் இல்லாதவர் வேறொரு தாளைக் கவிழ்த்துப் போடலாம். அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை துரும்பு வைத்தவருக்கு மட்டுமே. துரும்பாக இருந்தால் அவர் தன் துரும்பைத் திறந்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் தாள் மூடியபடியே பிடியோடு போய்விடும். அந்தக் கணத்தில் ஆட்டம் முழுவதும் ஓர் ஆளின் நேர்மையில் தொங்குகிறது. ஆனால் நெடுநேரம் அல்ல. எட்டுப் பிடியும் முடிந்ததும் தாள்களை விரித்து எல்லோர் முன்னாலும் எண்ணுவர். கவிழ்ந்து போனதும் அப்போது வெளியே வரும். ஒரு பக்கம் 170 என்றால் மற்றப் பக்கம் 134 இருந்தே தீரவேண்டும். யார் பொய் சொன்னார் என்று குரலை உயர்த்துவதற்கு முன்னரே கணக்கு சொல்லிவிடும். நம்பிக்கையையும் சோதனையையும் இப்படி ஒரே விதிக்குள் வைத்த கைவண்ணம் மெச்சத்தக்கது.

கணக்குக்கு அகப்படாத அளாப்பலும் உண்டு. இஸ்பேட் வேண்டுமென்றால் ஒரு செருமல், கையில் நல்ல தாள் இருந்தால் ஓங்கி ஒரு அடி, இல்லாவிட்டால் ஓசையில்லாமல் வைப்பது. தாளை மேசை அதிர அடிப்பது பலருக்கு விளையாட்டின் பாதி இன்பம். அதே அடி சோடிக்குச் செய்தியாகவும் போகும். எது பழக்கம், எது சைகை என்று பிரிப்பது கடினம். பிரிட்ஜ் விளையாட்டின் உலகப் போட்டிகளே இதில் திணறியிருக்கின்றன. 1975ஆம் ஆண்டு பெர்முடா கிண்ணப் போட்டியில் சோடிகளுக்கு நடுவே மேசைக்குக் குறுக்காகத் திரை வைத்து முகத்தை மறைத்தார்கள். அதே போட்டியில் இத்தாலியச் சோடி ஒன்று மேசைக்குக் கீழே காலால் தட்டிச் சைகை செய்ததாகக் குற்றச்சாட்டு எழ, மேசைக்கடியிலும் தடுப்பு வந்தது. குரலின் ஏற்ற இறக்கம் செய்தி சொல்லாதிருக்க, கேள்வியை வாயால் கேட்காமல் அட்டையை எடுத்து வைக்கும் பெட்டிகளும் வழக்கத்துக்கு வந்தன. நண்பர்களின் மேசைக்குத் திரையும் பெட்டியும் வேண்டியதில்லை. சைகையைக் கண்டவர் அந்த இடத்திலேயே, பகிடியாக, எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுவதே போதும்: "என்ன, இண்டைக்கு இருமல் கூடிப்போச்சோ?" அதற்குப் பிறகு அந்தச் செருமல் பயன்படாது. மூன்று ஆட்டம் பொறுத்திருந்து நாலாவதில் வெடிப்பதுதான் நட்பை முறிக்கிறது.

அளாப்பியைவிடத் தொல்லை தருபவர் சோடியைத் திட்டுபவர். "ஏன்ரா ஒன்பதை விட்டனி?" என்று தொடங்கி, முடிந்துபோன பிடியை அடுத்த மூன்று பிடிக்கும் இழுத்துக்கொண்டே போவார். பெரும்பாலும் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர்தான் இதைச் செய்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதனால்தான் அவரை மறிப்பது கடினம். திட்டு வாங்கியவர் பதறி அடுத்த பிடியிலும் பிழை விடுவார். பிறகு கடதாசிக்கே வராமல் நின்றுவிடுவார். இதற்கு உதவும் ஏற்பாடு இரண்டு. பிடி நடக்கும்போது பழைய பிடியைப் பற்றிக் கதைப்பதில்லை, எண்ணி முடித்த பிறகே கதை என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்வது ஒன்று. சோடியை மாற்றிப் போடுவது மற்றது. திட்டுகிறவருக்கு எதிரே, திருப்பிச் சொல்லக்கூடிய வயதும் வாயும் உள்ள ஒருவரை இருத்தினால் பாதிச் சத்தம் தானாக அடங்கும்.

இனி, விளையாடாமலே குழப்படி செய்பவர்: பின்னால் நின்று பார்ப்பவர். இரண்டு பேரின் தாளையும் எட்டிப் பார்த்துவிட்டு "அட!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், அந்த ஆட்டம் போச்சு. பார்ப்பவர் ஒருவரின் கையைத்தான் பார்க்கலாம், வாய் திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இல்லாத மேசை நெடுநாள் நீடிக்காது. அவருக்கும் ஒரு வழி வேண்டும். தோற்ற சோடி எழும்ப, காத்திருப்பவர்கள் இருப்பது அந்த வழி. பார்ப்பவருக்கு முறை வருகிறது. தாளை எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்பவரும் எழும்பவேண்டி வருகிறது. அவரை ஒருவரும் துரத்தவில்லை, தோல்விதான் எழுப்பியது. கள்ளுக் குடித்துவிட்டு வந்தவருக்கும் இதே வழிதான் பெரும்பாலும் உதவும்.

இந்த ஏற்பாடுகள் எவையும் இல்லாத மேசை விளையாட்டு ஒன்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸும் அதன் வழியில் வந்த பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளும் அந்த வகை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளர்ந்த தலைமுறைக்கு இவை புதியன அல்ல. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது பக்கத் தாயக்கட்டை சொல்லும். வெற்றி தோல்வி இல்லை, எண்ணிக் காட்டத் தொகை இல்லை, தோற்றவர் எழும்புவதும் இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில் நீளும். 304இன் விதிகள் தாமே செய்துவிடும் வேலையை இங்கே கதை நடத்துபவர் தன் கையால் செய்யவேண்டியிருக்கிறது.

இங்கே நடக்கும் குழப்படிக்கு ஒரு மாதிரி. பாத்திரங்கள் ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளம் ஏறுகிறார்கள். அக்கரையில் ஒரு புதிர் காத்திருக்கிறது. நடுக்கடலில் ஒருவர், "நான் வள்ளக்காரரின்ர காசுப்பையை எடுக்கிறன்" என்கிறார். மற்ற மூவருக்கும் எரிச்சல். ஏன் என்று கேட்டால், "என்ர ஆள் கள்ளன்தானே, அவன் அப்பிடித்தான் செய்வான்" என்ற பதில் வருகிறது. உலகமெங்கும் இந்த விளையாட்டில் மிகக் கூடுதலாகச் சொல்லப்படும் சாட்டு இதுவாகத்தான் இருக்கும். கதை நடத்துபவர்கள் பலர் உடனே செய்வது கதைக்குள்ளேயே தண்டிப்பது: வள்ளக்காரரை மாவீரனாக்கி அடிபோடுவது, புயலைக் கிளப்பிக் கள்ளனை மட்டும் கடலில் விழுத்துவது. இது பிழையான வைத்தியம். குழப்படிக்காரர் கேட்டது கவனம். தண்டனையோடு முழுக் கதையும் அவரைச் சுற்றிவந்து அந்தக் கவனத்தைக் கொடுத்துவிடுகிறது. மற்ற மூவரும் இன்னும் அரை மணி நேரம் பார்வையாளர்களாகிறார்கள்.

ஆளோடு உள்ள சிக்கலைப் பாத்திரத்தோடு தீர்க்க முடியாது. கதையை நிறுத்திவிட்டு ஆளிடம் நேரே கேட்பதே குறுக்குவழி: "எடுத்தால் இவை மூண்டு பேரின்ர கதையும் குழம்பும். உனக்கு உண்மையில என்ன வேணும்?" சில வேளை அவருக்கு அலுப்பு, கதை நெடுநேரமாக அவர் பக்கம் வரவில்லை. அப்படியென்றால் கள்ளனின் திறமை தேவைப்படும் பூட்டொன்றை அக்கரையில் வைத்தால் முடிந்தது. பாத்திரத்தை உருவாக்கியவர் அவரே. அது மூவரையும் காட்டிக்கொடுக்காத கள்ளனாக இருக்கவும் அவராலேயே முடியும். இதைத் தனிமையில் ஒருமுறை சொன்னாலே பெரும்பாலானோருக்கு விளங்கும்.

எல்லாக் காட்சியிலும் தானே முன்னுக்கு நிற்பவர் வேறு வகை. இவரைக் கையாளக் கூத்து மரபில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் காத்தவராயனாக ஒருவரே விடியும்வரை ஆடுவதில்லை. கதையின் கட்டத்துக்கு ஏற்ப ஒருவர் பின் ஒருவராகப் பல நடிகர்கள் அந்த வேடத்தில் வருவார்கள். இரவு முழுவதும் பாட ஒரு தொண்டை தாங்காது என்பது வெளிப்படையான காரணம். தலைமை வேடம் பலருக்குக் கிடைப்பதால் வேடத்துக்கான பூசல் தணிவது அதன் கூடுதல் பலன். கதை நடத்துபவரும் கூத்தை நடத்தும் அண்ணாவியாரைப் போல ஆட்டத்தைப் பகிரலாம். ஒருவர் பேசிக்கொண்டே போகும்போது அவரை நிறுத்து என்பதைவிட, பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "நீர் இப்ப எங்க நிக்கிறீர், என்ன செய்யிறீர்?" என்று கேட்பது நல்லது. காட்சிக்கொருவர் முன்னிற்பது என்று முறை வைத்தால் யாருக்கும் அவமானம் இல்லை.

கடுமையான வகை, மற்றவரைக் கூசவைக்கும் விடயங்களைக் கதைக்குள் கொண்டுவருபவர். சித்திரவதை, பாலியல் வன்முறை, காணாமற்போனவர்கள் போன்றவை கற்பனைக் கதையில் வெறும் திருப்பமாகத் தோன்றலாம். போரைக் கண்ட சமூகத்தின் மேசையில் அவை யாரோ ஒருவரின் வீட்டுக் கதை. இதற்கு மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் கண்ட வழிகள் எடுத்துக்கொள்ளத் தக்கவை. கதை தொடங்குமுன் ஒருநாள் கூடி, எது வரலாம், எது வரவே கூடாது என்று பேசி முடிப்பது ஒன்று. ஜோன் ஸ்டவ்ரோபூலோஸ் பரப்பிய எக்ஸ் அட்டை இன்னொன்று: எக்ஸ் எழுதிய அட்டை மேசை நடுவில் கிடக்கும், எவரும் அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டு நகர்வார்கள், ஏன் என்று கேட்பதில்லை. காரணம் கேட்காத இந்த ஒழுங்கு எங்கள் ஊர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். பெரியவர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் இளையவர் அட்டையைத் தொடத் தயங்கமாட்டார். ஆனால் அதை வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கதை நடத்துபவர் முகங்களைப் பார்க்காமல் விட்டால் அட்டையால் பயனில்லை.

கைபேசி நோண்டுபவரையும் பிந்தி வருபவரையும் குழப்படிக்காரர் கணக்கில் சேர்ப்பது வழக்கம். சேர்க்குமுன் கதை நடத்துபவர் தன் பக்கம் பார்ப்பது நியாயம். சண்டைக் காட்சியில் ஒருவரின் முறை முடிந்து அடுத்த முறை வர இருபது நிமிடம் ஆனால் யாரும் கைபேசியைத்தான் எடுப்பார்கள். முறைகளைச் சுருக்குவது, ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதிருப்பது, கடைசிப் படகுக்கோ கடைசிப் பேருந்துக்கோ முன் முடிப்பது ஆகியவை கைபேசித் தடையைவிடப் பலன் தரும். வரமுடியாதவரின் பாத்திரம் அந்த வாரம் கரையில் வலை பார்த்துக்கொண்டு நின்றதாக வைத்துக் கதையை நகர்த்தலாம். நாலு பேரில் ஒருவர் குறைந்தால் 304 நின்றுவிடும். பாத்திரமேற்று ஆடுவதில் அந்த இக்கட்டு இல்லை.

இவ்வளவும் செய்தும் சரிவராத ஆள் எப்போதோ ஒருவர் வருவார். இனி வரவேண்டாம் என்று அவரிடம் சொல்வதை ஆட்ட நாளிலோ எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலோ செய்யக்கூடாது; ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னர், கதை நடத்துபவர் தனியாகப் போய்ச் சொல்லவேண்டும். நடந்ததை மட்டும் சொன்னால் போதும்: இன்ன இரவில் இன்னது நடந்தது, பிறகும் நடந்தது, இந்தக் கதையில் இனி உமக்கு இடமில்லை. குணத்தை அளக்கத் தொடங்கினால் பேச்சு அம்மா அப்பாவரை போய் நிற்கும். நட்பு தொடர வேண்டுமானால் மறு வாரமே வேறு எதற்காவது அவரைக் கூப்பிடவேண்டும். அதற்கு ஒரே இரவில் முடிகிற, எண்ணித் தீர்க்கிற, தோற்றவர் எழும்புகிற ஆட்டம் தோதானது. கதை மேசையில் அடங்காத சிலர் 304இல் ஒழுங்காக இருப்பார்கள்.