ஒரு புத்தகப் பரிந்துரையும் ஒரு தீவின் வாய்ச்சண்டையும்

ஒருவருக்குப் புத்தகம் பரிந்துரைப்பதில் என்ன பெரிசா இருக்கு என்று தோன்றும். நாமும்தான் நாலு பேரிடம் "இதைப் படிங்க" என்கிறோம், பாதிப்பேர் தலையாட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். ஆனால் 1917ல் ஒருவர் செய்த பரிந்துரை, ஒரு குட்டித் தீவின் அன்றாடப் பேச்சைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அது எப்படி நடந்தது என்று பார்க்கலாம்.

அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி மாவட்டம். அங்கே டிங்கிள் தீபகற்பத்தின் நுனிக்கு எதிரே கடலில் கிடப்பதுதான் கிரேட் பிளாஸ்கெட் தீவு. மக்கள் தொகை அதிகமாக இருந்த காலத்திலேயே இருநூறைத் தொடவில்லை. மீன்பிடி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஆடு, இவ்வளவுதான் பிழைப்பு. தேவாலயம் கிடையாது, டாக்டர் கிடையாது. எது வேண்டுமானாலும் தார் பூசிய கேன்வாஸ் போர்த்திய படகில் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போகவேண்டும். பேச்சுமொழி ஐரிஷ். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததோ ஆங்கிலம். ஆக, பேசிய மொழியில் எழுதப் படிக்கத் தெரியாது, படித்த மொழி வீட்டில் புழங்காது. (நமக்கும் கொஞ்சம் பழக்கமான நிலைமைதான், இல்லையா?)

இந்தத் தீவில் தோமாஸ் ஓ கிரிஹன் என்று ஒரு மீனவர். நாற்பது வயதுக்கு மேல் தானாகவே முயன்று ஐரிஷ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவரைத் தேடி அறிஞர்கள் வர ஆரம்பித்தார்கள். 1907ல் நார்வேயிலிருந்து மொழியியலாளர் கார்ல் மார்ஸ்ட்ராண்டர் வந்தார். தீவுக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வைகிங்'. 1910ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ராபின் ஃப்ளவர் வந்தார். அவர் பெயரை அப்படியே ஐரிஷில் 'குட்டிப்பூ' ஆக்கிவிட்டார்கள். கேலி இல்லாமல் யாரையும் ஊருக்குள் சேர்ப்பதில்லை போல!

1917ல் வந்தவர் பிரையன் கெல்லி, கில்லார்னிக்காரர். தோமாஸைத் தன் வாழ்க்கையை எழுதச் சொன்னார். ஒரு மீனவனின் வாழ்க்கையில் புத்தகம் போடுகிற அளவுக்கு என்ன இருக்கிறது? அதற்கு கெல்லி வாதம் எதுவும் செய்யவில்லை. இரண்டு எழுத்தாளர்களை அவருக்கு வாசித்துக் காட்டினார். ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லொத்தி. அவருடைய நாவல், ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் பிரித்தானி மீனவர்களைப் பற்றியது. இன்னொருவர் நமக்கெல்லாம் 'தாய்' நாவல் வழியாகத் தெரிந்த மக்சீம் கார்க்கி.

கவனியுங்கள், கெல்லி ஷேக்ஸ்பியரைக் கொண்டுபோகவில்லை. 'உன்னைப் போன்ற ஆட்கள் ஏற்கெனவே புத்தகத்துக்குள் இருக்கிறார்கள்' என்று காட்டும் புத்தகங்களைத்தான் கொண்டுபோனார். நல்ல பரிந்துரை என்பது இதுதான் என்று நினைக்கிறேன். படிப்பவரை மட்டம் தட்டாமல், அவருக்கு ஓர் இடம் போட்டுக் கொடுப்பது.

தோமாஸ் தினமும் கண்டதையும் கேட்டதையும் எழுத ஆரம்பித்தார். பக்கங்களைத் தபாலில் கெல்லிக்கு அனுப்பினார். அந்த நாட்குறிப்பிலிருந்து தொகுத்த நூல் 1928ல் வந்தது. பெயர் 'அலகர் நா ஹினிஷெ'. 'அலகர்' என்றால் ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிக்கொள்வது. தீவின் வாய்ச்சண்டை என்று சொல்லலாம். சின்னச் சின்னத் துண்டுகள். வானிலை, மீன், புகையிலைத் தட்டுப்பாடு, அக்கரையிலிருந்து வரும் விடுதலைப் போர்ச் செய்திகள் என்று எதைப் பற்றியும் ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் காலை வாரிவிடுவார்.

இவ்வளவு வாய் பேசியும் தீவு உடையவில்லையே, ஏன்? என் கணிப்பு இது. காலையில் யாரிடம் மல்லுக்கட்டினாயோ, அவனோடுதான் மதியம் ஒரே படகில் துடுப்புப் போடவேண்டும். நிஜமாகப் பகைத்துக்கொண்டால் கடலில் இரண்டு பேரும் காலி. ஆகவே கோபத்தைப் பேச்சோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே இருந்திருக்கவேண்டும்.

1929ல் தோமாஸின் சுயசரிதை 'தீவுக்காரன்' வந்தது. அதில் ஒரு காட்சி: கரிநிலத்தில் எரிபொருளுக்காக மண்கட்டி வெட்டப் போகிறார் தோமாஸ். ஊர்க் கவிஞர் வந்து உட்கார்ந்துகொண்டு, தன் பாட்டை இப்போதே எழுதி வைக்காவிட்டால் அழிந்துபோகும் என்கிறார். வேலை கெட்டது! மனசுக்குள் புலம்பினாலும் எழுதிக்கொள்கிறார்.

அப்புறம் வரிசையாக வந்தன. 1933ல் மோரிஸ் ஓ சல்லிவனின் 'வளர்ந்த இருபது ஆண்டுகள்'. அவரை எழுதத் தூண்டியவர் நண்பர் ஜார்ஜ் தாம்சன், கிரேக்க மொழி அறிஞர். 1936ல் பெக் சேயர்ஸ் தன் கதையைச் சொல்ல, மகன் எழுதினார். இந்த பெக் புத்தகம் பின்னாளில் அயர்லாந்துப் பள்ளிகளில் பாடநூலாகி, பல தலைமுறை மாணவர்கள் அதன் பெயரைக் கேட்டாலே அலுத்துக்கொண்டார்கள். நண்பன் கொடுத்தால் பரிந்துரை, பரீட்சைக்கு வைத்தால் தண்டனை. புத்தகம் என்னவோ ஒன்றுதான்.

ஆனால் புத்தகங்களால் தீவைக் காப்பாற்ற முடியவில்லை. இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1941ல் பள்ளி மூடியது. 1940களில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, கடல் கொந்தளிப்பால் டாக்டர் வர முடியவில்லை. அவர் இறந்துபோனார். 1953 நவம்பரில், மிஞ்சியிருந்த இருபது சொச்சம் பேரை அரசு அக்கரையில் குடியமர்த்தியது. ஊர் காலியானது.

அந்த வீடுகளில் பெரும்பாலானவை இன்று கூரையிழந்த கற்சுவர்கள். கிணற்றடியில் யார் யாரை என்ன சொல்லிச் சீண்டினார் என்பது மட்டும் அச்சில் இருக்கிறது. படிக்க நினைப்பவர்கள் சுயசரிதையிலிருந்து தொடங்காதீர்கள், முதலில் வாய்ச்சண்டைப் புத்தகத்தை எடுங்கள். டிம் என்ரைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1986ல் வந்திருக்கிறது. ஆட்களின் குரல் காதில் விழுந்த பிறகு 'தீவுக்காரன்' படித்தால் வேறு மாதிரி இருக்கும். இல்லை, வரிசை தப்பு என்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.