விவாகரத்து வக்கீலை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

விவாகரத்து வேண்டும் என்று வக்கீலைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கதையோடுதான் போகிறார்கள். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதில் ஆரம்பித்து, போன வாரச் சண்டை வரை சொல்லி முடிப்பதற்குள் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும். வக்கீல் நடுநடுவே கேட்பது இரண்டுதான்: எப்போது, எங்கே? அதற்குத்தான் பதில் தடுமாறும்.

இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி, கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது. தாங்க முடியாத துன்பம் என்று காட்டி நீதிமன்றத்தின் அனுமதி வாங்கினால்தான் உண்டு. 'விட்டுவிட்டுப் போய்விட்டார்' என்பதைக் காரணமாகச் சொல்ல, தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவதானால் ஓராண்டு பிரிந்திருந்தால் போதும். ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்திருப்பதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. சம்மத மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியையும், தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது.

ஊரும் அப்படித்தான். கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து குடித்தனம் நடத்திய ஊர் ஆகியவற்றில் மனு போடலாம். மனு போடுவது மனைவி என்றால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். திருநெல்வேலியில் கல்யாணம் செய்து, பெங்களூருவில் குடித்தனம் நடத்தி, இப்போது கரூரில் அம்மா வீட்டில் இருக்கிற பெண் பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை.

எனவே போவதற்கு முந்தின நாள் ஒரு முழுத்தாளை எடுத்து இப்படி எழுதுங்கள்: 'ஜூன் 2019, கல்யாணம், திருநெல்வேலி. ஜனவரி 2021, மகள் பிறந்தாள். ஆகஸ்ட் 2022, அடித்ததில் நெற்றியில் தையல், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. மார்ச் 2023, மகளிர் காவல் நிலையத்தில் புகார், சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறது, சமாதானமாகித் திரும்பிப் போனேன். நவம்பர் 2023, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.' இவ்வளவு போதும். இதில் வக்கீலின் கண் முதலில் நிற்கப்போவது அந்த 'சமாதானமாகி' என்ற இடத்தில்தான். திரும்பச் சேர்ந்து வாழ்ந்ததால் பழைய கொடுமையை மன்னித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்குப் பதில் தயார் செய்ய அவருக்கு இப்போதே தெரிய வேண்டும்.

காகிதங்களில் கல்யாணப் பத்திரிகை, இரண்டு மூன்று கல்யாணப் படங்கள், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எப்படியும் தேவைப்படும். பதிவுச் சான்றிதழ் இருந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று பாருங்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என்றிருந்தால் வழக்கும் அதன்படிதான். சர்ச்சில் நடந்த கிறிஸ்தவத் திருமணத்துக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் பயப்பட வேண்டாம். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் அது இந்து திருமணச் சட்டத்துக்குள்ளேயே செல்லும்.

நகைக் கணக்கு தனி. எத்தனை பவுன் என்று மொத்தமாகச் சொல்வதைவிட, ஆரம், வளையல், ஒட்டியாணம் என்று பெயர் போட்டு எழுதி, கடை ரசீது இருந்தால் சேர்த்து, இப்போது யார் கையில் அல்லது எந்த லாக்கரில் இருக்கிறது என்றும் குறியுங்கள். அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். ரசீது தொலைந்திருந்தால் கல்யாண ஆல்பம் கைகொடுக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டாம். முக்கியமான நாலைந்து போதும். ஆனால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். கணவன் மனைவி பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததைக்கூடக் குடும்ப வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் துணையும் அதையே செய்யலாம் என்பது நினைவிருக்கட்டும்.

இனிச் சொல்லக் கூசுவது. வேறொருவரோடு பழக்கம், மறைத்த கடன், கோபத்தில் அனுப்பிய மோசமான மெசேஜ் எதுவானாலும் உங்கள் வக்கீலுக்கு உங்கள் வாயிலிருந்தே தெரிய வேண்டும். குறுக்கு விசாரணையில் தெரிந்தால் வழக்கு கவிழ்ந்துவிடும். நடந்ததைப் பற்றி நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. சம்பளத்தைக் குறைத்துச் சொல்வதும் வீண். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது.

இதனாலேயே, அப்பா, அம்மா, மாமா கூட வந்தாலும் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். மாமா முன்னால் யாரும் முழு உண்மை பேசியதில்லை.

கட்டணத்தை வெட்கப்படாமல் கேளுங்கள். மொத்தமாகவா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா, டைப்பிங் செலவு தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கிற ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று ஒருவர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிகளே அதைத் தடை செய்கின்றன. 'மூணே மாசத்தில் முடிச்சுத் தரேன்' என்று உறுதி கொடுப்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். அன்றைக்கே வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை. வெற்றுத் தாளில் எப்போதுமே கூடாது. ஒரிஜினல்கள் உங்களிடமே இருக்கட்டும், ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்.

பணமில்லை என்று தள்ளிப்போடுகிற பெண்களுக்கு ஒன்று: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். வருமானம் குறைந்த ஆண்களுக்கும் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 15100.