பாடகரை அழைத்த அதிபர்

தேர்தல் மேடையில் ஓர் அரசியல்வாதி பிரபல பாடகரின் பெயரைச் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் யாருக்கு? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் 1970ஆம் ஆண்டு வெள்ளை மாளிகையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கன்ட்ரி இசை அமெரிக்காவின் தென்மாநிலக் கிராமங்களில், உழைக்கும் மக்களிடையே வளர்ந்தது. அதன் ரசிகர்களின் ஆதரவை விரும்பினார் அப்போதைய அதிபர் ரிச்சர்ட் நிக்சன். அந்த இசையின் பெரிய நட்சத்திரம் ஜானி கேஷ். 1968இல் ஃபோல்சம் சிறைக்குள் சென்று கைதிகளுக்குப் பாடி, அதையே இசைத்தட்டாக வெளியிட்டவர்.

1970 ஏப்ரல் 17ஆம் தேதி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்த வெள்ளை மாளிகை, சில பாடல்களைக் கேட்டிருந்தது. அவற்றுள் இரண்டு கேஷின் பாடல்களே அல்ல. மெர்ல் ஹேகர்டின் ‘ஓக்கி ஃபிரம் மஸ்கோகி’, நீண்ட முடி வளர்த்துப் போரை எதிர்த்த இளையர்களைச் சீண்டுவது. கை டிரேக்கின் ‘வெல்ஃபேர் கேடிலாக்’, அரசாங்க உதவி பெறும் ஏழைகளை ஏமாற்றுக்காரர்களாகக் காட்டிக் கேலி செய்வது.

கேஷ் இரண்டையும் பாடவில்லை. கற்றுக்கொள்ள நேரமில்லை என்று பின்னர் காரணம் சொன்னார். ஆனால் ‘வாட் இஸ் ட்ரூத்’ என்ற தம் பாடலைப் பாடினார். கேள்வி கேட்கும் இளையர்களுக்குச் செவிகொடுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்லும் பாடல் அது. வியட்நாம் போரை நடத்திக்கொண்டிருந்த அதிபர் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டார்.

கேஷ் நிக்சனை அவமதிக்கவில்லை. உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. 1972 ஜூலையில் சிறைச் சீர்திருத்தம் குறித்து அமெரிக்க செனட் துணைக்குழுவில் சாட்சியம் அளித்தார். அதே நாளில் நிக்சனையும் சந்தித்தார். அதிகாரம் தம்மைத் தேடி வந்தபோது, யாரும் தேடாத கைதிகளுக்காக அவர் பேசினார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

தலைவர்கள் கலைஞர்களைப் பாராட்டுவதில் தவறில்லை. பாடகரின் புகழை எடுத்துக்கொண்டு, அவர் யாருக்காகப் பாடினாரோ அவர்களைக் கைவிடுவதுதான் தவறு. எனவே மாணவர்களே, அடுத்த முறை ஒரு தலைவர் ஒரு பாடகரைப் புகழ்ந்தால், அந்தப் பாடகரின் பாடல்களை முழுமையாகக் கேளுங்கள். அவற்றில் வரும் ஏழைக்கும் கைதிக்கும் அந்தத் தலைவர் என்ன செய்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகு கைதட்டலாம்.