இண்டர்வியூவில் சறுக்க வைக்கும் சாதாரணக் கேள்வி

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமுள்ள சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு இண்டர்வியூ போகும் நம் பிள்ளைகள், கடினமான கேள்விகளுக்கெல்லாம் இரவு பகலாகத் தயார் செய்கிறார்கள். கடைசியில் சாதாரணமான ஒரு கேள்வியில் சறுக்கி விடுகிறார்கள். "இதுவரை எழுதிய புரோகிராம்களில் நீங்கள் மிகவும் பெருமைப்படுவது எது?" என்பதே அந்தக் கேள்வி.

தற்பெருமை கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், "பெரிதாக ஒன்றுமில்லை சார், எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று தலை குனிகிறார்கள். தன்னடக்கம் நல்ல குணம்தான். ஆனால் கேட்பவர் எதிர்பார்ப்பது ஜம்பம் அல்ல. இவர் கையால் நடந்த வேலை எது என்ற விவரமே அவருக்கு வேண்டும்.

ரயில் முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். 1985-ல் புதுடெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கிற்று. 1999-ல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. எந்த ஊர்க் கவுண்டரில் நின்றும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க வழி பிறந்தது. இது பலருடைய உழைப்பு. இப்படிப்பட்ட வேலையில் பங்கு கொண்ட ஒருவர், "நான்தான் நாட்டையே இணைத்தேன்" என்றால் அது பொய். "நானும் கூட இருந்தேன்" என்றால் பயனில்லை. "ஒரே பெர்த்தை இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் கேட்டால், ஒருவருக்கு மட்டும் கிடைக்கும்படி செய்யும் பகுதியை எழுதினேன்" என்றால் அதுவே சரியான பதில்.

புதிதாக வேலை தேடுபவர் பெரிய வேலைக்கு எங்கே போவார்? தேவையில்லை. பீன்யாவில் ஒரு பட்டறைக்கு ஓவர்டைம் கணக்குப் போடும் சிறு புரோகிராம் எழுதியிருந்தாலும் போதும். முன்பு என்ன சிக்கல் இருந்தது, தான் செய்தது என்ன, ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார், அதனால் யாருக்கு என்ன பலன் என்று நான்கையும் வரிசையாகச் சொல்ல வேண்டும்.

"எங்கே தவறு வந்தது? இப்போது எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். தவறை மறைக்க வேண்டாம். அதைத் திருத்திய விதமே மதிப்பைக் கூட்டும். அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொன்னால் இங்கேதான் சாயம் வெளுக்கும். பழைய கம்பெனியின் ரகசியங்களைக் கொட்டுவதும் கூடாது. இங்கே சொல்பவர் நாளை எங்கேயும் சொல்வார் என்று எண்ணுவார்கள்.

ஒத்திகைக்கு வீடே போதும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவை உட்கார வைத்து, இரண்டே நிமிடத்தில் சொல்லிப் பார்க்கலாம். ஓவர்டைம் பார்த்துப் படிக்க வைத்தவர் அவர். மகன் செய்த வேலை அவருக்கு விளங்கிவிட்டால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் விளங்கும்.