கதாசிரியரும் பிரசங்கியும்

இங்கிலாந்தில் விட்பிரெட் என்ற பெயரில் வழங்கிவந்த இலக்கியப் பரிசுகளுள் தலையாயதான ‘ஆண்டின் சிறந்த நூல்’ என்னும் பரிசு, அதற்குமுன் எந்தச் சிறுவர் நூலுக்கும் கிட்டாத அந்தக் கௌரவம், 2001-ஆம் ஆண்டுக்கு ஃபிலிப் புல்மன் எழுதிய ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ என்ற நாவலுக்குக் கிடைத்தது. ஆக்ஸ்ஃபர்டில் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராயிருந்த புல்மன், மில்டன் 1667-இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ மகாகாவியத்தைத் தலைகீழாக்கி, ஏவாள் கனியை உண்டது பாபமன்று, மானிட ஞானத்தின் உதயமே என்று நிலைநாட்ட மூன்று பாகங்களில் எழுதிய பெருங்கதையின் கடைசிப் பாகம் இது. இதைப் படித்துப் பரவசப்பட்டவர்களும் உண்டு, வெகுண்டவர்களும் உண்டு. எனக்கோ இரண்டும் ஒருங்கே உண்டாயின.

கதை நிகழும் பிரபஞ்சத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். லைரா என்ற சிறுமி பிறந்த உலகில் மனிதனுடைய ஆத்மா உடலுக்குள் ஒளிந்திருப்பதில்லை. ‘டீமன்’ எனப்படும் ஒரு பிராணியின் உருவெடுத்து, பேசிக்கொண்டும் பிணங்கிக்கொண்டும் அவன் கூடவே திரிகிறது. குழந்தைகளின் டீமன் கணத்துக்கொரு வடிவம் எடுக்கும். பருவம் வந்ததும் ஒரே வடிவத்தில் நிலைத்துவிடும். அந்தப் பருவத்தில் மனிதரிடம் வந்து படியத் தொடங்கும் ‘டஸ்ட்’ என்னும் சூட்சுமத் துகளை ஆதிபாபத்தின் அடையாளமென்று அங்குள்ள திருச்சபை அஞ்சுகிறது. புல்மனுக்கோ அதுவே பிரக்ஞை. நம் உலகத்துச் சிறுவன் வில், உலகங்களுக்கிடையே வாசல் அறுக்கவல்ல ஒரு கத்தியுடன் அவளுக்குத் துணையாகிறான்.

என்னை முற்றிலும் வசப்படுத்தியது, அவ்விருவரும் இறந்தோர் உலகத்துக்குப் போகும் பகுதி. நசிகேதன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உயிரோடு யமபுரி செல்வது புதிதன்று. ஆயினும், தன்னை அறியாமலே தான் சாவுக்கு அழைத்துச் சென்ற தோழன் ரோஜரிடம் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்ட லைரா, படகில் டீமனுக்கு இடமில்லை என்றதும், தன் பான்டலைமனைக் கரையில் அநாதையாக நிற்கவிட்டுப் போகும் கட்டத்தைப் படிக்கையில், இளைஞர்க்கான நூல் என்று இதைத் தனி அலமாரியில் வைத்தவர்கள் யாரோ என்றுதான் கேட்கத் தோன்றிற்று. அக்கரையில் ஹார்ப்பிகள் என்னும் பெண்முகப் பறவைகள் காவல் இருக்கின்றன. லைரா வழக்கம்போல் சாமர்த்தியமாகப் பொய்க்கதை கட்டும்போது அவளைப் பாய்ந்து கிழிக்கும் அவை, ஆக்ஸ்ஃபர்டின் களிமண் பள்ளங்களில் சிறுவர்கள் போட்ட சண்டையை அவள் உள்ளது உள்ளபடி சொன்னதும் அடங்கிக் கேட்கின்றன. வாழ்ந்த வாழ்வை உண்மையாக எடுத்துரைக்கும் ஆவிகளுக்கு அவை வழிகாட்டும் என்றும், வெளிவாசலை அடைந்த ஆவிகள் காற்றோடும் புல்லோடும் கலந்துவிடும் என்றும் கதை செல்கிறது. இப்படியொரு முக்தியை வேறெந்த நாவலிலும் நான் கண்டதில்லை.

முலேஃபா என்ற பிராணிகளின் சிருஷ்டியும் அத்தகையதே. முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால், நடுவில் பக்கத்துக்கு ஒரு கால் என அமைந்த அவை, ராட்சத மரங்களின் வட்டமான விதைக்கூடுகளைச் சக்கரங்களாக மாட்டிக்கொண்டு, எரிமலைக் குழம்பு உறைந்த பாதைகளில் உருண்டோடுகின்றன; ஓடி ஓடித் தேய்ந்து வெடித்தால்தான் அக்கூடுகளிலுள்ள விதைகள் முளைக்கும். மரம் பட்டால் இனம் அழியும் என்ற நிலையில், மேரி மலோன் என்ற பௌதிக விஞ்ஞானி மரப்பிசினைத் தகடாக்கி, எண்ணெய் பூசி, டஸ்ட்டைக் காணும் கண்ணாடியைப் பொறுமையாகச் செய்து முடிக்கிறாள். நூலின் பெயருக்குரிய கருவி அதுவே.

குறை என்னவென்றால், புல்மனுக்குத் தம் கதையின் மீதே சில இடங்களில் நம்பிக்கை போதவில்லை. சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகள் இவ்வுலக வாழ்வை வெறுக்கக் கற்பிக்கின்றன என்று 1998-இல் ‘கார்டியன்’ பத்திரிகையில் சாடிய இவர், அதே பிரசங்க மேடையில் எதிர்த்திசை நோக்கித் தாமே ஏறி நிற்கிறார். இவருடைய திருச்சபையில் நல்ல பாதிரியார் ஒருவரைக் காண்பது அரிது. லைராவைக் கொல்லப் புறப்படும் கோமஸ் பாதிரியாரோ, செய்யாத கொலைக்கு முன்கூட்டியே பிராயச்சித்தம் செய்து வைத்திருப்பவர். முன்னாள் கன்னிகாஸ்திரீயான மேரி, தான் மதத்தைத் துறந்த காரணத்தைச் சிறுவர்களுக்கு விளக்கும் இடத்தில் கதை நின்று உபதேசம் நடக்கிறது. இத்தனைக்கும், கடவுளென்று ஆண்டவன் தள்ளாத கிழவனாகிப் பளிங்குப் பெட்டகத்துக்குள் அழுதுகொண்டிருப்பதையும், அவன் யாரென்றே அறியாத குழந்தைகள் இரக்கத்தோடு அதைத் திறந்ததும் அவன் காற்றில் கரைவதையும் எழுதியவர் இவரே! அங்கே பிரசங்கம் ஒரு சொல்லும் இல்லை. சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது.

முடிவிலும் எனக்கு இரண்டு மனம். அன்புகொண்ட லைராவும் வில்லும் தத்தம் உலகுக்குத் திரும்பியாக வேண்டும். அந்நிய உலகில் நெடுநாள் வாழ்ந்தால் உயிர் தேயும். திறந்த வாசல்களின் வழியே டஸ்ட் கசியும். புதிய வாசல் ஒவ்வொன்றும் மனிதரின் பிரக்ஞையை உண்ணும் ஒரு பேயைப் பிறப்பிக்கும். திறந்து வைக்கக்கூடிய ஒரே வாசல் இறந்தோருக்கு உரியது. இவற்றுள் முக்கியமானவற்றை ஒரு தேவதையின் வாயிலாகக் கடைசியில் அறிவிப்பது, தீர்ப்பு நாளன்று வக்கீல் புதிய தஸ்தாவேஜுகளை நீட்டுவது போலிருக்கிறது. ஆனால் பிரிவு அநியாயமாகத் தோன்றினாலும், பிரிகிறவர்களின் துயரத்தில் பொய்யில்லை. ஆக்ஸ்ஃபர்டின் தாவரவியல் பூங்காவில் ஆண்டுக்கொரு முறை, நடுக்கோடை நாளின் நண்பகலில், அவரவர் உலகத்துப் பெஞ்சில் ஒரு மணி நேரம் அமர்வதென்று அவர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை நம்பி, 1621-இல் நிறுவப்பெற்ற அப்பூங்காவுக்கு வாசகர்கள் வந்து அந்தப் பெஞ்சைத் தேடுகிறார்கள். (லைராவின் பருவ விழிப்பைக் கூறும் சில வரிகளை அமெரிக்கப் பதிப்பில் குறைத்துவிட்டார்கள், அவற்றில் குறைக்கத்தக்கது எதுவும் எனக்குத் தென்படவில்லை.)

ஹார்ப்பிகளின் நியாயசபையில் இந்த நூலை நிறுத்தினால், பெரும்பகுதியைக் கேட்டு அடங்கியிருக்கும் அவை, உபதேசப் பக்கங்களில் சிறகடித்து எழும் என்பது என் தீர்ப்பு. ‘நார்தர்ன் லைட்ஸ்’, ‘தி சட்டில் நைஃப்’ என்ற முதலிரண்டு பாகங்களையும் படித்து முடித்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இதைத் தயங்காமல் கொடுங்கள். நீங்களும் உடன் படித்து, மேரி மலோனின் வாதத்தை அவர்கள் எழுப்பும்போது, பதில் சொல்லத் தயாராயிருங்கள்.